அப்பாவுக்கு வலிப்பு, வெளிச்சமே ஆகாது என்கிறார்கள்: இருட்டறையில் வைத்திருப்பது சரியா?

திருநகர்_மகள் (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 71 வயது. சில வருடங்களுக்கு முன் ஸ்ட்ரோக் வந்தது. கை கால் தப்பிவிட்டது, பேச்சும் பழையபடிதான். ஆனால் இடது பக்கம் நிற்கிற ஆளைச் சட்டென்று கவனிக்க மாட்டார். கதவு நிலையில் இடது தோளை இடித்துக்கொள்வார். அதற்குப் பிறகு வலிப்பு தொடங்கியது. அதற்குக் கார்பமாசெபின் என்ற மாத்திரையைக் காலையிலும் இரவிலும் சாப்பிடுகிறார். பிரஷருக்குத் தனியாக ஒரு மாத்திரை. நடுவில் நன்றாகத்தான் இருந்தார்.

போன மாதம் திருமங்கலத்தில் நெருங்கிய உறவில் கல்யாணம். முந்தின இரவு ரிசப்ஷன். மேடையில் சுற்றிச் சுழலும் கலர் லைட், வாசலில் ஓடுகிற சீரியல் செட், பாட்டு, ஆட்டம். விடியற்காலை முகூர்த்தத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது, "இடது பக்கம் என்னமோ கலர் உருண்டையாச் சுத்துது" என்றார். அப்படியே தலை இடது பக்கம் திரும்பியது. கீழே விழுந்து கை கால் வெட்டியது. இரண்டு மூன்று நிமிடத்தில் நின்றாலும், தெளிவதற்கு அன்று மதியம் ஆகிவிட்டது.

அன்றிலிருந்து சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் ஒரே பேச்சு, லைட்டுதான் காரணம் என்று. இப்போது அவர் அறை ஜன்னலுக்குத் துணி கட்டி, டியூப் லைட்டைக் கழற்றி, டிவியையும் எடுத்துவிட்டோம். பகலிலும் இருட்டில்தான் உட்கார்ந்திருக்கிறார். அவருமே "வெளிச்சம் கண்ணைக் குத்துது" என்கிறார். அழகர் ஆற்றில் இறங்குவதற்கும் இனிமேல் கூட்டிப்போக வேண்டாம் என்கிறார் அம்மா.

வயதானவர்களுக்கு வெளிச்சத்தால் வலிப்பு வருமா? கூலிங் கிளாஸ் போட்டால் போதுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

மேலூர்_பேரன்

எங்கள் தாத்தாவுக்கும் இப்படித்தான். இருட்டறையில் படுக்கவைத்தால் அடங்கிவிடும் என்று பெரியவர்கள் செய்வார்கள். கையில் சாவிக்கொத்தோ அரிவாளோ கொடுத்தால் உடனே நின்றுவிடும். வீட்டில் ஒன்றைத் தயாராக வைத்திருங்கள் அக்கா.

---

கோரிப்பாளையத்தான்

தம்பி, இரும்பு கொடுத்ததால் நின்றது என்று தோன்றுவதற்குக் காரணம் இருக்கிறது. பெரும்பாலான வலிப்பு இரண்டு மூன்று நிமிடத்தில் தானாகவே நின்றுவிடும். சாவியைத் தேடி எடுத்துவந்து கையில் திணிப்பதற்குள் அந்த நேரம் முடிந்திருக்கும். வெட்டி இழுக்கிற கையில் அரிவாளைக் கொடுத்தால் அவருக்கும் ஆபத்து, பிடிக்கிறவருக்கும் ஆபத்து. தயவுசெய்து வேண்டாம். ஆளை ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்கடியில் துண்டை மடித்து வைத்து, வாயில் எதையும் வைக்காமல், கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 108.

நான் இ.இ.ஜி. (மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்கிற சோதனை) எடுக்கிற அறையில் நெடுங்காலம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மருத்துவன் இல்லை. ஆனால் வெளிச்சத்தால் தூண்டப்படுகிற வலிப்பை நேரில் பார்த்திருக்கிறேன், அதனால் இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அப்படி ஒரு வகை நிச்சயமாக உண்டு. ஆனால் அது வலிப்பு உள்ளவர்களில் நூற்றுக்கு மூன்று பேருக்குத்தான். அவர்களிலும் பெரும்பாலோருக்குப் பள்ளி வயதிலேயே, அதாவது ஏழெட்டு வயதிலிருந்து இருபதுக்குள், தொடங்கிவிடும். பெண் பிள்ளைகளிடம் கூடுதல். எழுபது வயதில் ஸ்ட்ரோக்குக்குப் பிறகு புதிதாக இது வருவது மிக அரிது.

இன்னொன்று, வெறும் பிரகாசம் இதைத் தூண்டுவதில்லை. விட்டுவிட்டு அடிக்கிற வெளிச்சம்தான் தூண்டும். நொடிக்கு 3 முதல் 30 முறை வரை மின்னினால் ஆபத்து, அதிலும் 15 முதல் 25 வரை மோசம். அடர் சிவப்பு இன்னும் மோசம். 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் போக்கிமான் கார்ட்டூனில் சிவப்பும் நீலமும் நொடிக்கு 12 முறை மாறி மாறி அடித்த காட்சி ஒன்று ஒளிபரப்பானது. அன்று 685 பேரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், பெரும்பாலும் பிள்ளைகள். நொடிக்கு மூன்று முறைக்கு மேல் மின்னக் கூடாது என்று இன்று இணையதளங்களுக்கான விதிகளில் இருப்பதன் அடிப்படையும் இதே கணக்குதான்.

ஆகவே ஜன்னல் வழியாக வருகிற பகல் வெளிச்சம் உங்கள் அப்பாவுக்கு வலிப்பை வரவழைக்காது. அந்தத் துணியை அவிழ்த்துவிடலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

உங்களிடம் சில விவரம் கேட்கிறேன். கல்யாண இரவு அவர் எத்தனை மணிக்குத் தூங்கினார்? இரவு மாத்திரை போட்டாரா? அந்தக் கலர் உருண்டையை அவர் பார்த்தபோது லைட் எரிந்துகொண்டிருந்ததா?

---

உசிலைக்காரி

ஐயா சொன்னதில் முக்கால்வாசி எனக்குச் சம்மதம். ஒரு இடத்தில் மட்டும் என் அனுபவத்தைச் சேர்க்க வேண்டும். வயதானவர்களுக்கு இது வரவே வராது என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. எனக்கு 63 வயது. பதினாலு வயதில் தொடங்கிய வலிப்பு. காலையில் எழுந்ததும் கை தூக்கிப்போடும், காபி டம்ளர் பறந்துபோய் விழும். பயந்த பிள்ளை, பதற்றம் என்று எத்தனையோ வருடம் சொன்னார்கள். கடைசியில் மதுரையில் ஒரு நரம்பு டாக்டர்தான் இளம் பருவ மயோக்ளோனிக் வகை, அதாவது கை கால் திடீரென்று தூக்கிப்போடுகிற வகை என்று பெயர் சொன்னார். இந்த வகையில் கணிசமான பேருக்கு மின்னும் வெளிச்சம் ஆகாது. சிலருக்கு வயது ஏற ஏற அது குறைந்துவிடும். எனக்குக் குறைந்திருக்கிறது, போகவில்லை.

மதுரையிலிருந்து சாயங்கால பஸ்ஸில் வரும்போது, செக்கானூரணி தாண்டியதும் வெயில் மரங்களுக்கு நடுவே விட்டுவிட்டு முகத்தில் அடிக்கும். அந்தப் பக்கத்து ஜன்னலில் நான் உட்காரவே மாட்டேன். பாலத்துக் கைப்பிடிக் கம்பிகளுக்கு நடுவே தண்ணீர் மின்னுவதும் அப்படித்தான். நெருக்கமான கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட துணியைக்கூட உற்றுப் பார்க்க முடியாது.

எனக்கு உதவியது ஒரு சின்ன விஷயம். திடீரென்று மின்னும் வெளிச்சத்தில் மாட்டிக்கொண்டால் கண்ணை மூடக் கூடாது. இமை வழியாகச் சிவப்பாக உள்ளே இறங்கி இன்னும் கெடுக்கும். ஒரு கண்ணை உள்ளங்கையால் முழுக்கப் பொத்திக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். இரண்டு கண்ணிலும் சேர்ந்து பட்டால்தான் அதற்குப் பலம். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தால் படிப்பை நிறுத்தியிருக்க மாட்டார்கள் என்று இன்றும் வருத்தம் உண்டு.

மாத்திரை பற்றியும் சொல்கிறேன். நான் வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மாத்திரையில் நன்றாக இருந்தேன். கை நடுங்குகிறது என்று வேறொரு ஊரில் காட்டியபோது அதை நிறுத்திக் கார்பமாசெபின் கொடுத்தார்கள். கை தூக்கிப்போடுவது அதிகமாகிவிட்டது. என் வகைக்கு அந்த மாத்திரை எதிராக வேலை செய்யும் என்று பிறகுதான் தெரிந்தது. தங்கச்சி, உங்கள் அப்பாவுக்கு ஸ்ட்ரோக்கால் வந்த வலிப்பு, அதற்கு அது பொருத்தமான மாத்திரைதான். பயப்பட வேண்டாம். சின்ன வயதிலிருந்தே வலிப்பு உள்ள பெரியவர்கள் யார் வீட்டிலாவது இருந்தால் அவர்களுக்காக இதை எழுதுகிறேன். எந்த வகை என்று ஒருமுறையாவது கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

---

திருநகர்_மகள்

ரொம்ப நன்றி ஐயா, அக்கா. அம்மாவிடம் உட்கார்ந்து கேட்டேன். அன்று இரவு சாப்பாடு முடியவே பதினொன்றரை. மாத்திரைப் பை திருநகர் வீட்டிலேயே இருந்துவிட்டது, காலையில் போய்ப் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறார்கள். மண்டபத்து ஹாலில் பாயைப் போட்டு எல்லாரோடும் படுத்தவர் இரண்டு மணி நேரம்கூடத் தூங்கவில்லை.

கலர் உருண்டை விஷயம்தான் எனக்குக் குழப்பம். காலையில் மேடை லைட் எதுவும் எரியவில்லை. அதோடு, வீட்டில் இருட்டறையில் உட்கார்ந்திருக்கும்போதும் இரண்டு முறை அதே மாதிரி இடது பக்கம் கலர் சுற்றுவதாகச் சொல்லியிருக்கிறார். ஒரு நிமிடத்துக்குள் போய்விட்டதாம், விழவில்லை. இருட்டிலேயே எப்படி வெளிச்சம் தெரியும்?

---

கோரிப்பாளையத்தான்

அம்மா, நான் கேட்டதற்குக் காரணமே இதுதான். அவர் பார்த்தது மண்டபத்து லைட் இல்லை. அதுவே வலிப்பின் தொடக்கமாக இருக்கலாம்.

பார்வைக்கான பகுதி மூளையின் பின்பக்கம் இருக்கிறது. வலது பின்மூளை இடது பக்கத்துப் பார்வையைப் பார்த்துக்கொள்ளும். அங்கே ஸ்ட்ரோக் தழும்பு இருந்தால் இடது பக்கம் சரியாகத் தெரியாது. தோளை இடித்துக்கொள்கிறார் என்று நீங்கள் முதலிலேயே எழுதியது எனக்கு உறுத்தியது. அந்தத் தழும்பிலிருந்து வலிப்பு கிளம்பினால், அதே இடது பக்கத்தில் வண்ண வண்ணமாக வட்டங்கள் தோன்றும், சுற்றும். சில நொடியிலிருந்து இரண்டு மூன்று நிமிடம் வரை இருக்கும். அதோடு நின்றுபோனால் சிறு வலிப்பு. பரவினால் தலை திரும்பி, நினைவு தப்பி, கை கால் வெட்டும். ஒற்றைத் தலைவலிக்கு முன்னால் தெரிகிற மினுக்கம் வேறு. அது கோணல்மாணலான கோடாக, கால் மணி, அரை மணி நேரத்துக்கு மெல்ல விரிந்துகொண்டே போகும்.

வெளிச்சம் வலிப்பை வரவழைப்பது ஒன்று. வலிப்பு வெளிச்சத்தைக் காட்டுவது இன்னொன்று. உங்கள் அப்பாவுக்கு நடப்பது இரண்டாவது என்று நான் பலமாகச் சந்தேகப்படுகிறேன். அப்படியானால் இருட்டறை அவருக்கு எதையும் தடுக்கவில்லை. வீட்டில் இரண்டு முறை வந்ததைக் கட்டாயம் டாக்டரிடம் சொல்லுங்கள். "விழவில்லையே" என்று விட்டுவிடாதீர்கள், மருந்தின் அளவைத் தீர்மானிப்பதற்கு அந்தச் சின்ன வலிப்பும் கணக்கில் வர வேண்டும். வந்த தேதி, நேரம், எவ்வளவு நேரம் இருந்தது, எல்லாவற்றையும் காலண்டரிலேயே குறித்துவையுங்கள்.

மறுபடி இ.இ.ஜி. எடுக்கச் சொன்னால் ஒளி தூண்டல் சோதனையும் சேர்த்து எடுக்கலாமா என்று கேளுங்கள். முகத்துக்கு முன்னால் ஒரு விளக்கை வைத்துப் பல வேகங்களில் மின்னவிடுவார்கள், அலையில் மாற்றம் தெரிந்தவுடன் நிறுத்திவிடுவார்கள். முந்தின நாளே தலைக்குக் குளித்துவிட வேண்டும், எண்ணெய் வைக்கக் கூடாது. சொல்லாமல் மாத்திரையை நிறுத்தக் கூடாது. அதில் ஒன்றும் வரவில்லை என்றால் லைட் பயத்தை வீட்டில் எல்லாரும் விட்டுவிடலாம். அப்படி ஒரு காகிதத்தைக் கையில் கொடுத்தால்தான் நம் சொந்தக்காரர்கள் நம்புவார்கள்.

---

விழித்துணை

கண் பரிசோதனைத் துறையில் இருக்கிறேன். அப்பா "வெளிச்சம் குத்துது" என்கிறாரே, அதை யாரும் விசாரிக்கவில்லை. அது வலிப்பில் சேராது, ஆனால் பொய்யும் இல்லை. அவருக்கு நிஜமாகவே குத்துகிறது.

71 வயதில் முதலில் பார்க்க வேண்டியது புரை. கண்ணுக்குள் லென்ஸ் மங்கும்போது வருகிற வெளிச்சம் நேராகப் போகாமல் சிதறும். எதிரே வருகிற வண்டி லைட்டைச் சுற்றி வளையம் தெரியும், வெயிலில் கண்ணைத் திறக்க முடியாது. அடுத்தது கண் வறட்சி. வயதானவர்களுக்கு மிகச் சாதாரணம், உறுத்தலோடு கூச்சமும் வரும், சொட்டு மருந்திலேயே பாதி குறையும்.

மூன்றாவது, இருட்டறையே. நாள் முழுக்க இருட்டில் பழகிய கண்ணுக்குச் சாதாரண வெளிச்சமும் கூசும். "பார், வெளிச்சமே ஆகவில்லை" என்று இன்னும் இருட்டாக்குவார்கள், கூச்சம் இன்னும் ஏறும். வீட்டுக்குள் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்வதிலும் இதே சிக்கல்தான். வெயிலில் போகும்போது போடட்டும், தொப்பியோ குடையோ இருந்தால் இன்னும் நல்லது. வீட்டுக்குள் வேண்டாம். ஒரு பக்கம் பார்வை குறைந்த மனிதரை இருட்டில் நடக்கவிட்டால் விழுவார். இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் விழுந்துவிட்டால் அதிலிருந்து மீட்பது கஷ்டம். வலிப்பு மாத்திரை சிலவற்றை நெடுநாள் சாப்பிட்டால் எலும்பும் தேயும், கார்பமாசெபினும் ஃபெனிட்டாயினும் அந்தக் கணக்கில் சேரும். எனக்கு வலிப்பைவிட அந்த இருட்டுதான் பயமாக இருக்கிறது.

மாத்திரைகளும் கண்ணில் வேலையைக் காட்டும். கார்பமாசெபின், ஃபெனிட்டாயின் அளவு கூடினால் இரட்டையாகத் தெரியும், தள்ளாடும். டோபிராமேட் என்ற வலிப்பு மாத்திரையைத் தொடங்கிய முதல் வாரங்களில் சிலருக்குத் திடீரென்று பார்வை மங்கி, கண் சிவந்து, கடுமையாக வலிக்கும். கண்ணுக்குள் அழுத்தம் ஏறுகிற அவசரம் அது, மறுநாள் பார்க்கலாம் என்று விடக் கூடாது.

மதுரையில் கண் காட்ட வசதிக்குக் குறைவில்லை. அரவிந்த் 1976-இல் 11 படுக்கையோடு தொடங்கியதே நம் ஊரில்தான். கட்டணமில்லாமல் பார்க்கிற பிரிவும் அங்கே இருக்கிறது. கூட்டிப்போகும்போது வலிப்பு இருப்பதையும், சாப்பிடுகிற எல்லா மாத்திரையையும், இடது பக்கம் தெரியாததையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பார்வைப் பரப்புச் சோதனை செய்வார்கள்.

---

வாடிப்பட்டி_வயர்மேன்

உசிலை அக்கா போன்றவர்களுக்காக ஒன்று. நம் வீடுகளில் மின்னும் வெளிச்சம் எங்கே இருக்கிறது என்று யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. டியூப் லைட்டோ பல்போ ஃபேனுக்கு மேலே இருக்கிற அறைகளைப் பாருங்கள். மூன்று இறக்கை, நிமிடத்துக்கு 300 சுற்று என்றால் நொடிக்கு 5 சுற்று. வெளிச்சத்தை நொடிக்கு 15 தடவை வெட்டும். ரெகுலேட்டரைக் குறைத்து 200 சுற்றில் வைத்தால் 10 தடவை. இரண்டுமே ஐயா சொன்ன 3 முதல் 30-க்குள் விழுகிறது. கட்டிலில் மல்லாந்து படுத்தால் நேராகக் கண்ணில்தான் அடிக்கும். லைட்டைச் சுவருக்கு, ஃபேன் இறக்கை மட்டத்துக்குக் கீழே இறக்கிவிட்டால் போதும். அரை மணி நேர வேலை.

பழைய சோக் டியூப், ஸ்டார்ட்டர் போய் அடித்து அடித்து எரியும் பாருங்கள், அதை அப்படியே விட்டுவைக்கக் கூடாது. நல்ல நிலையில் உள்ள லைட் நம் 50 சைக்கிள் கரண்டில் நொடிக்கு 100 தடவை மின்னும், கண்ணுக்குத் தெரியாது, வலிப்பையும் தூண்டாது. மட்டமான எல்.இ.டி. பல்பில் அந்த மினுக்கம் ஆழமாக இருக்கும், சிலருக்குத் தலைவலி வரும். செல்போன் கேமராவில் ஸ்லோமோஷன் வைத்துப் பல்பைப் பார்த்தால் எது மோசம் என்று தெரிந்துவிடும்.

---

உசிலைக்காரி

தம்பி, எங்கள் வீட்டுக் கூடத்தில் அப்படித்தான் இருக்கிறது! மத்தியானம் படுத்தால் எனக்கு ஒருமாதிரி இருப்பதற்கு வெயில்தான் காரணம் என்று நினைத்திருந்தேன். இந்த வாரமே மாற்றச் சொல்கிறேன்.

---

சிம்மக்கல்_சீரியல்செட்

கல்யாணம், கோயில் திருவிழாவுக்கு லைட் போடுகிற தொழில். எங்கள் பக்கத்தையும் சொல்கிறேன். வாசலில் போடுகிற சீரியல் செட்டில் கன்ட்ரோலர் இருக்கும். ஓடவிடலாம், மெதுவாக மாறவிடலாம், அசையாமல் நிறுத்தியும் எரியவிடலாம். நிலையாக எரியவிட்டால் யாருக்கும் தொந்தரவில்லை, அழகும் குறையாது. மேடையில் வெள்ளையாக வெட்டி வெட்டி அடிக்கிற ஸ்ட்ரோப் லைட்டுதான் கவனிக்க வேண்டியது. அதன் வேகத்தை நொடிக்கு ஒன்றிலிருந்து இருபதுக்கும் மேல் ஏற்றலாம். பாட்டு சூடு பிடித்தால் பையன்கள் கடைசிவரை ஏற்றிவிடுவார்கள்.

வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால் முன்பணம் கொடுக்கும்போதே "ஸ்ட்ரோப் வேண்டாம், சீரியலை ஓடவிட வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள். அதற்காக யாரும் கூடுதல் பணம் கேட்கப்போவதில்லை. நிகழ்ச்சி நடுவில் வந்து சொன்னால்தான் சங்கடம். இந்த இழையைப் படித்த பிறகு நானே புக்கிங்கின்போது கேட்கலாம் என்று முடிவு செய்திருக்கிறேன்.

---

மருந்துக்கடை_மாடக்குளம்

இரவு மாத்திரை தவறியது, தூக்கம் இல்லாதது. திருநகர் அக்கா, உங்கள் பதிவிலேயே விடை இருக்கிறது என்று நினைக்கிறேன். இந்த இரண்டும் சேர்ந்தால் எந்த வகை வலிப்பும் கிளம்பும்.

கூடவே இன்னொன்றைப் பாருங்கள். பிரஷர் மாத்திரை நீர் பிரிகிற வகையா? கார்பமாசெபினும் அந்த வகை மாத்திரையும் சேர்ந்தால் வயதானவர்களுக்கு ரத்தத்தில் சோடியம் இறங்கும். தள்ளாட்டம், குழப்பம் வரும், அதிகமாக இறங்கினால் அதுவே வலிப்பையும் கொண்டுவரும். ஒரு சாதாரண ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். முட்டுவலிக்கு டிரமடால், காய்ச்சலுக்கு சிப்ரோஃப்ளாக்சசின், ஆஃப்ளாக்சசின் எல்லாம் வலிப்பு உள்ளவர்களுக்குக் கவனமாகக் கொடுக்க வேண்டியவை. கடையில் எது வாங்கினாலும் "இவருக்கு வலிப்பு உண்டு" என்று சொல்லி வாங்குங்கள். சொன்னால் நாங்கள் நிச்சயம் யோசிப்போம்.

---

திருநகர்_மகள்

எல்லாரும் சொன்னபடி செய்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

நரம்பு டாக்டர் பழைய எம்.ஆர்.ஐ. படத்தை எடுத்துப் பார்த்தார். வலது பின்பக்கத் தழும்பு. கலர் உருண்டை அந்த இடத்திலிருந்து வருகிற வலிப்புதான் என்று உறுதியாகச் சொன்னார். இ.இ.ஜி.யில் மின்னும் விளக்கு வைத்தும் பார்த்தார்கள், வெளிச்சத்தால் எந்த மாற்றமும் வரவில்லை. சோடியம் குறைவாக இருந்தது. பிரஷர் மாத்திரையை மாற்றியிருக்கிறார்கள். கார்பமாசெபினைப் படிப்படியாகக் குறைத்து லெவெட்டிராசிட்டம் என்ற வேறொரு வலிப்பு மாத்திரையைக் கொண்டுவரப்போகிறார்கள். அதில் சிலருக்குக் கோபம், எரிச்சல் வரலாம், கவனித்துச் சொல்லுங்கள் என்றார்.

கண்ணில் இரண்டு பக்கமும் புரை, வறட்சியும் இருக்கிறது. புரை அறுவைக்கு நரம்பு டாக்டரின் கடிதத்தோடு வரச் சொல்லியிருக்கிறார்கள். ஜன்னல் துணியை அவிழ்த்துவிட்டோம். ஒரே நாளில் திறக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தோம். இப்போது காலையில் திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார். வரியின் இடது ஓரத்தைத் தவறவிடுகிறார் என்பதால் அங்கே ஒரு சிவப்பு அட்டையை வைத்துக் கொடுக்கச் சொன்னார்கள், அது நன்றாக உதவுகிறது.

அழகரைப் பற்றியும் டாக்டரிடம் கேட்டேன். விளக்கு, வாணவேடிக்கை பிரச்சினை இல்லை, ராத்திரி முழுக்க முழித்திருந்து விடியற்காலை நெரிசலில் நிற்பதுதான் ஆகாது என்றார்.

---

சிம்மக்கல்_சீரியல்செட்

அக்கா, ஆற்றில் இறங்குவதை வீட்டில் நன்றாகத் தூங்கி எழுந்து டிவியில் பார்க்கட்டும். மறுநாள் வண்டியூர் தேனூர் மண்டபத்தில் மண்டூக முனிவருக்கு மோட்சம் கொடுப்பது பகலில் நடக்கும். வெயில் கடுமையாக இருக்கும், தண்ணீரும் நிழலும் பார்த்துக்கொண்டால் நிதானமாகச் சேவிக்கலாம்.

---

உசிலைக்காரி

படித்ததும் மனது நிறைந்தது தங்கச்சி. கூட்டமுள்ள இடத்துக்குப் போகும்போது அவர் சட்டைப் பையில் பெயர், உங்கள் நம்பர், என்ன மாத்திரை என்று எழுதிய சீட்டு இருக்கட்டும். வலிப்பு நின்ற பிறகு ஒரு கை அசையாமல் போனால் "எப்போதும் வருவதுதான்" என்று வீட்டில் வைத்துக்கொண்டிருக்காதீர்கள். சில மணி நேரத்தில் சரியாகிற அசதியாகவும் இருக்கும், புது ஸ்ட்ரோக்காகவும் இருக்கும். இரண்டையும் வீட்டில் பிரிக்க முடியாது.

நீலக் கண்ணாடி பற்றித் தனிச் செய்தியில் ஒருவர் கேட்டிருந்தார். என் மாதிரி ஆட்களுக்கு ஒரு குறிப்பிட்ட நீலக் கண்ணாடி உதவுகிறது என்று இத்தாலியில் 2006-இல் ஆய்வு வந்திருக்கிறது. கடையில் கிடைக்கிற எந்த நீலக் கண்ணாடியும் அதுவாகிவிடாது. கம்ப்யூட்டருக்கென்று விற்கிற கண்ணாடிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

---

பேரையூர்_தம்பி

இழையைத் திசைதிருப்புவதாக நினைக்க வேண்டாம். சித்தப்பாவுக்கு 66 வயது, வலிப்புக்கு வெகுகாலமாக மாத்திரை சாப்பிடுகிறார். நேற்று சாயங்காலத்திலிருந்து வலது கண் ஓரத்தில் மின்னல் மாதிரி பளிச் பளிச்சென்று அடிக்கிறதாம், கறுப்புப் பூச்சிகள் மிதக்கிற மாதிரியும் தெரிகிறதாம். அடுத்த வாரம் நரம்பு டாக்டரிடம் முறை இருக்கிறது. இதுவும் வலிப்பின் தொடக்கமாக இருக்கும், அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்று இருக்கிறோம். சரிதானே?

---

விழித்துணை

இல்லை தம்பி, காத்திருக்காதீர்கள். ஒவ்வொரு கண்ணாகப் பொத்திப் பார்க்கச் சொல்லுங்கள். வலது கண்ணைப் பொத்தினால் மின்னல் நின்றுவிடுகிறதா? அப்படியானால் அது மூளையிலிருந்து வரவில்லை, அந்தக் கண்ணிலிருந்து வருகிறது. வயதாக ஆகக் கண்ணுக்குள் இருக்கும் ஜெல் சுருங்கி விழித்திரையை இழுக்கும், சில சமயம் கிழித்துவிடும். புதிதாக மின்னலும் பூச்சியும் சேர்ந்து வந்தால் இன்றைக்கே விழித்திரை பார்க்கிறவரிடம் காட்ட வேண்டும். கண்ணின் பாவையை விரிக்க மருந்து விடுவார்கள், அவரை வண்டி ஓட்டவிடாமல் துணைக்கு ஒருவர் போங்கள். திரை விழுந்த மாதிரி ஒரு பக்கம் மறைத்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது.

---

பேரையூர்_தம்பி

பொத்திப் பார்த்தோம், வலது கண்ணை மறைத்தால் மின்னல் இல்லை. மத்தியான பஸ்ஸிலேயே மதுரைக்குக் கூட்டிப்போய்விட்டோம். விழித்திரையில் ஒரு சின்னக் கிழிசல், பிரியவில்லை. இன்றே லேசர் வைத்துவிட்டார்கள். மறுபடி வந்து காட்டச் சொல்லியிருக்கிறார்கள். ரொம்ப நன்றி அக்கா. வலிப்பு மாத்திரையை இரவு வழக்கம்போலப் போடலாம் என்று அங்கேயே கேட்டுக்கொண்டோம்.